பாலாற்றங்கரையில் ஒரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் ராபர்ட்சன்பேட்டைக் குடும்பங்கள் பலவும் பெங்களூரை நோக்கிப் புறப்படுகின்றன. சிறிது வசதி உள்ளோர் மைசூர் அரண்மனையையும் உதகையையும் கண்டு திரும்புகின்றனர். அவை காணத் தக்கவையே. ஆயினும் ஆண்டிற்கு ஒரு நாளையேனும் பாலாற்றங்கரையில் உள்ள சிற்றூர்களுக்கு ஒதுக்குவது, தங்கவயலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவற்றினும் மிகுந்த பயன் தரும். "அந்த ஊர்களில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பர். அவ்வூர்களில் இருப்பது அவர்களுடைய சொந்தக் குடும்ப வரலாறு.

பாலாறு கர்நாடக மாநிலத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றுகிறது. கோலார் மாவட்டத்தின் வழியாகப் பாய்ந்து, ஆந்திர மாநிலத்தின் குப்பம் பகுதியைக் கடந்து, வாணியம்பாடிக்கு அருகே தமிழ்நாட்டினுள் நுழைகிறது. பின்னர் ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆர்க்காடு முதலிய ஊர்களைத் தொட்டுச் சென்று வயலூரில் கடலோடு கலக்கிறது. ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாறு, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடுகிறது.

இத்தகைய பயணத்தைப் பேத்தமங்கலத்தில் தொடங்குதல் பொருத்தமாகும். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அச்சிற்றூரின் ஏரி பாலாற்று நீரைத் தாங்கி நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அமைக்கப்பட்ட நீர் நிலையத்திலிருந்தே சுரங்கங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் வந்தது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் தங்கவயலை அடைந்த செய்தியைப் பலரும் பெருமையோடு கூறுவர். விளக்கேற்றிய காவிரியை நினைப்பவர்கள் தாகம் தீர்த்த பாலாற்றை மறந்துவிடுவது முறையன்று.

பேத்தமங்கலத்திற்குக் கீழே ஆறு குப்பம் பகுதிக்குச் செல்கிறது. சாலையோ வேறு திசையில், வெங்கடகிரிக்கோட்டையைக் கடந்து மலைப்பாதையாகப் பேர்ணாம்பட்டிற்கு இறங்குகிறது. அங்கிருந்து ஆம்பூரை அடைந்தால் பிரிந்துபோன ஆற்றை மீண்டும் காணலாம். இந்த ஒரு நாள் பயணத்தில் கடைப்பலகைகளின் எழுத்து இருமுறை மாறுகிறது. முதலில் கன்னடம், அடுத்துத் தெலுங்கு, பின்னர் தமிழ். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் விருப்பப் பாடமாகத் தமிழைக் கற்கும் பிள்ளை, ஆம்பூர்க் கடைத்தெருவில் பலகைகளைத் தானே படித்துச் செல்லும்போது, அம்மொழி தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று என்பதை உணரும்.

அப்பள்ளத்தாக்கிலிருந்துதான் தங்கவயல் தொழிலாளர் பலருடைய முன்னோர் மேலேறி வந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் நிலமற்ற உழைப்பாளிகள் பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். ஊரை விட்டு வந்தாலும் அவர்கள் ஆற்றை விட்டு வரவில்லை. கீழே அவர்களுடைய ஊர்களை நனைத்த அதே ஆறுதான் மேலே சுரங்க வரிசை வீடுகளின் குடங்களையும் நிறைத்தது. இவ்வுண்மையை வரைபடத்திலும் காட்டலாம். ஆனால் காலையில் பேத்தமங்கலத்தையும் மாலையில் ஆம்பூரையும் கண்ட பிள்ளைக்கு அது மறவாது.

"பாலாற்றில் தண்ணீரே இல்லையே, வெறும் மணலை யார் பார்ப்பது?" என்ற மறுப்பு எழலாம். ஆண்டின் பெரும்பகுதியில் அது வறண்டு கிடப்பது உண்மைதான். எனினும், வறண்ட ஆறு இறந்த ஆறு அன்று. மணலுக்கு அடியில் ஊறும் நீரையே கரையோர ஊர்களின் கிணறுகள் நம்பியுள்ளன. 1903 நவம்பரில் பெருகிய வெள்ளம் வாணியம்பாடியில் பலருடைய உயிரைக் கொண்டுபோனது. 2021 நவம்பரிலும் ஆறு கரைபுரண்டு ஓடியது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு இந்நீரைக் கெடுத்ததைக் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இறந்ததென்று எண்ணிக் கைவிடும் ஆற்றில்தான் மணல் கொள்ளையும் குப்பையும் பெருகுகின்றன. ஒரு நாள் பயணம் ஆற்றைக் காப்பாற்றிவிடாது. ஆனால் ஆற்றைக் கண்ணால் பாராதவர் அதற்காகக் குரல் கொடுக்கப் போவதும் இல்லை.

செலவு பற்றிய கவலையும் உண்டு. சுரங்கம் மூடப்பட்டபின் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி உழைத்துத் திரும்பும் பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. வாடகை வண்டி எல்லோருக்கும் இயலாது. பேத்தமங்கலத்திற்குச் சென்று வர நகரப் பேருந்துக் கட்டணமும் ஒரு கட்டுச் சோறும் போதும். இன்னொரு முறை பங்காருப்பேட்டையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ ரயிலில் செல்லலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கட்டாயம் ஒன்று உண்டு. பயணத்தில் பாட்டியையோ தாத்தாவையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அவற்றில் இறங்கி உழைத்தவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர். தம் முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக வந்தனர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. பல வீடுகளில் அந்த ஊரின் பெயர் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது. வீட்டில் கேட்டால் "அதெல்லாம் எதற்கு, கண்ணு?" என்று பேச்சை மாற்றும் பாட்டி, ஆற்றங்கரையை நெருங்கியதும் தாமாகவே பெயர்களைச் சொல்லத் தொடங்கக்கூடும். அப்போது ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் பிள்ளையின் கையில் இருத்தல் நன்று.

மைசூர் அரண்மனை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். பாட்டி அறிந்த ஊர்ப் பெயருக்கு அந்த உறுதி இல்லை. எனவே வரும் விடுமுறையில் எதை முதலில் காண்பது என்று முடிவு செய்யும்போது, தங்கவயல் குடும்பங்கள் பாலாற்றையே தேர்ந்தெடுப்பது நன்று.