காவலுக்கும் ஒரு காவல்

மக்களாட்சியில் மக்கள் அரசிடம் ஒப்படைத்திருக்கும் அதிகாரங்களுள் மிகவும் கூர்மையானது காவல்துறையின் அதிகாரம். ஒருவரைப் பிடிக்கலாம், விசாரிக்கலாம், அடைத்து வைக்கலாம். திருடனுக்கும் முரடனுக்கும் அஞ்சி நாம் ஓடிப் புகும் இடம் காவல் நிலையம். அங்கேயே ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவர் எங்கே ஓடுவார்?

வழியே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் மாநிலத்தில் 1997இல் மனித உரிமை ஆணையம் அமைந்தது. அடுத்து, பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் காவல்துறைப் புகார் ஆணையம் வேண்டும் என்றது. துணைக் கண்காணிப்பாளர் வரையிலானவர்கள் மீதான புகாரை மாவட்ட ஆணையமும், அதற்கு மேற்பட்டவர்கள் மீதான புகாரை மாநில ஆணையமும் விசாரிக்க வேண்டும். அவற்றின் தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருக்க வேண்டும் என்றும் அது வகுத்தது.

சட்டம் உண்டு; தீர்ப்பு உண்டு. ஆனால் இவை யாருக்குத் தெரியும்? நண்பர்களே, உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். படித்த நமக்கே தெரியாதபோது, செங்கல் சூளையில் வேலை செய்பவருக்கும், சந்தையில் கூடை சுமக்கும் தாய்க்கும் எப்படித் தெரியும்? 108 என்ற எண்ணைச் சொன்னால் சிற்றூர்ச் சிறுவன்கூட ஆம்புலன்ஸ் என்பான். 2008இல் நம் மாநிலத்தில் தொடங்கிய அந்தப் பணியை அரசு வண்டியிலும் சுவரிலும் எழுதி, ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியது. காவல் நிலையத்தில் அடிபட்டவனுக்கு அப்படி மனத்தில் பதிந்த எண் ஏதேனும் உண்டா?

அறியாமைக்கு இங்கே விலை அதிகம். நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனித உரிமை ஆணையம் அதை விசாரிக்க இயலாது என்கிறது அதே 1993ஆம் ஆண்டுச் சட்டம். எங்கே மனுக் கொடுப்பது என்று தெரிந்துகொள்வதற்குள்ளேயே ஏழைக்கு அந்தக் கதவு அடைபட்டு விடுகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த கொடுமையை நாடே அறியும். அங்கே கேமரா இருந்தது. ஆயினும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவைக் குறைந்தது ஆறு மாதம் பாதுகாக்க வேண்டும். உரிமை மீறப்பட்டால் யாரிடம் முறையிடலாம் என்பதை வட்டார மொழியிலும் எழுதி வாயிலில் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. மக்களுக்குச் சொல்வதும் நீதியின் ஒரு பகுதி என்பதை நீதிமன்றமே உணர்ந்திருக்கிறது அன்றோ?

ஆனால் நிலைய வாயிலில் உள்ள பலகையை, உள்ளே அழைத்துச் செல்லப்படுபவன் நின்று படிக்க முடியுமா? செய்தி அவன் வாழும் தெருவுக்கு முன்னதாகவே வர வேண்டும். பேருந்து நிலையத்திலும் நியாய விலைக் கடையிலும் பலகை வேண்டும். கிராம சபையில் அதிகாரி ஒருவர் வந்து விளக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதித் தரப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் வேண்டும். எத்தனை புகார் வந்தது, என்ன முடிவாயிற்று என்பதை ஆண்டுதோறும் எளிய தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணம் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும். காவல்துறையின் கை வழியாக வரக் கூடாது. 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம், உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆட்சியரையும் ஆணையங்களின் தலைவர்களாக்கி, காவல்துறை உயர் அதிகாரிகளையே உறுப்பினர்களாக்கியது. கணக்கு எழுதியவரே கணக்கைத் தணிக்கை செய்யலாமா? அமைப்பும் தனித்து நிற்க வேண்டும். அதைப் பரப்பும் பணமும் தனித்து வர வேண்டும்.

இங்கிலாந்தில் 1981இல் பிரிக்ஸ்டன் பகுதியில் கலவரம் மூண்டது. அதை ஆராய்ந்த ஸ்கார்மன் பிரபு, பொதுமக்களே காவல் நிலையங்களைத் திடீரெனச் சென்று பார்க்கும் முறையைப் பரிந்துரைத்தார். 2002இல் அது சட்டமாயிற்று. பார்வையாளர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆயினும் பயிற்சிக்கும் பயணச் செலவுக்கும் பொதுப் பணம் உண்டு. தொண்டுள்ளம் இலவசமாகக் கிடைக்கலாம். பேருந்துச் சீட்டு கிடைக்காது!

‘இப்படிச் செய்தால் பொய்ப் புகார் பெருகும், காவலரின் ஊக்கம் குன்றும்’ என்பார் சிலர். பொய்ப் புகார் வரத்தான் செய்யும். அதைப் பொய் என்று நடுநிலையாளர் ஒருவர் சொன்னால்தானே நேர்மையான காவலரின் பெயர் துலங்கும்? பண்டிகை நாளிலும் பணியில் நிற்கும் அந்தக் காவலருக்கு, அவருடைய துறையே அளிக்கும் நற்சான்றை ஊர் நம்புவதில்லை. மேலும், 2006ஆம் ஆண்டின் அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கைத் தொடுத்த பிரகாஷ் சிங், ஒரு மாநிலக் காவல்துறைக்கே தலைவராக இருந்தவர். இது காவல்துறைக்கு எதிரான கோரிக்கை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

‘பள்ளிக்கும் மருத்துவமனைக்குமே பணம் போதவில்லையே’ என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் பயனாளிக்குத் தெரியாத ஆணையத்துக்குக் கட்டடமும் நாற்காலியும் போட்டுச் சம்பளம் கொடுப்பதே வீண் செலவு. அத்துடன் கொஞ்சம் சேர்த்துச் செலவிட்டால் முன்பு செலவிட்டதும் பயன் தரும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து ஏழு நாள் முகாமுக்குச் செல்கிறோம். சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அந்த ஏழு நாளில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒருவரை அழைத்து வந்து ஊர் மக்களிடம் பேசச் செய்யலாம். அது தொடக்கம் மட்டுமே. ஆண்டு முழுவதும் அதைச் செய்யும் கடமையும் அதற்கான செலவும் அரசினுடையவை. அதைக் கேட்டுப் பெறும் கடமை நம்முடையது.

‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று சுவரில் எழுதியிருக்கிறது. நல்ல வாசகம். அந்த நண்பன் தவறினால் யாரிடம் சொல்வது என்பதையும் அதன் கீழே எழுதுவோம். அப்போதுதான் மக்கள் மேல் வரியையும் நம்புவார்கள்.