முதலாளி உரிமம் போனால் மகள் விசா ஏன் போகிறது?

"ஏனுங்ண்ணா, எம்புள்ள ஒரு தப்பும் பண்ணலீங்க. அப்பறம் எதுக்குங் அவ விசாவை ரத்துப் பண்றாங்க?"

துடியலூரில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். மகள் நர்சிங் முடித்து இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவள். அவளை வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமத்தை, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் உரிமத்தை, அந்த நாட்டு உள்துறை ரத்து செய்துவிட்டது. 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். தோட்டத்தை அடமானம் வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்த லட்சங்களுக்கு வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கும் மேற்பட்ட உரிமங்களைப் பிரிட்டன் பறித்தது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000-க்கும் மேல் என்று அந்த அரசே சொன்னது. திறன்சார் வேலை விசா ஆளுக்குத் தரப்படுவதுபோலத் தெரிந்தாலும், அதன் உயிர் முதலாளியின் உரிமத்தில் இருக்கிறது. விதியை மீறியவன் முதலாளி. பெட்டி கட்டுகிறவள் தொழிலாளி. இதை எப்படி நியாயம் என்பது?

இந்த அநியாயத்தை ஓர் இந்தியர் நீதிமன்றம்வரை கொண்டுபோனார். பதான் வழக்கு என்பார்கள். விசா நீட்டிப்புக்கு அவர் கொடுத்த விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே, 2016 மார்ச்சில் முதலாளியின் உரிமம் போனது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜூனில் நேராக நிராகரிப்புதான் வந்தது. 2020 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், உரிமம் போனதை அவருக்கு உடனே தெரிவிக்காதது நியாயமற்ற நடைமுறை என்று தீர்ப்பளித்தது. ஆனால் மாற்று ஏற்பாட்டுக்கு 60 நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. சேதியைச் சொன்னால் போதும், அவகாசம் தர வேண்டியதில்லை என்றால் அந்த மனிதர் சேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சிறுபான்மை நீதிபதிகள் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து.

இத்தகைய விசா ரத்துக்குப் பெரும்பாலும் மேல்முறையீடு கிடையாது. முடிவே சட்டத்துக்குப் புறம்பானது என்றால் நீதிச் சீராய்வு கேட்கலாம். அதையும் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். வழக்குப் போட்டதாலேயே விசா நீளாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடிதத்தில் உள்ள கடைசித் தேதிக்கு முன்பே புதிய ஸ்பான்சரோடு முறையாக விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை தங்கலாம். தேதி தாண்டிவிட்டால் அந்தக் கதவும் அடைபடும். இங்கிலாந்தில் பராமரிப்பு நிறுவனங்கள், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் முன் இப்படி வேலை இழந்தவர்களுக்கு வாய்ப்புத் தர முயல வேண்டும் என்று 2025 ஏப்ரலில் விதி வந்தது; அந்த ஆண்டு ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது.

ஏஜென்ட் விஷயமும் சொல்லியாக வேண்டும். இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சங்களில் வாங்கியவர்மீது புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போன் வந்ததும் "ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்று பிள்ளையை அழவைக்காதீர்கள். கடிதம் என்ன தேதியில் வந்தது, கடைசி நாள் எது என்று கேளுங்கள். அன்றைக்கே அங்குள்ள சொலிசிட்டரிடமோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்ற ஆலோசகரிடமோ போகச் சொல்லுங்கள்.