அந்தக் கூரை யாருடையது?

கடந்த மாதம் நடந்த மாதர் பிரிவுத் தலைவிமாரின் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து பேசினார். நீண்ட பேச்சு அல்ல. “நம்ம தோட்டத்து டிஸ்பென்சரி கூரை ஒழுகுது. தொரைகிட்ட கேட்டா, அது அரசாங்கத்துக்குக் குடுக்கப் போற கட்டடம், நாங்க காசு போட மாட்டோம்னு சொல்றாரு. அரசாங்க ஆபீஸ்ல போய்க் கேட்டா, அது இன்னும் தோட்டத்துக் கட்டடம், எங்களால தகரம் கூட மாத்த முடியாதுன்னு சொல்றாங்க. அப்ப அந்தக் கூரை யாரோடது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மேடையில் இருந்த எங்களில் எவரும் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய தோட்டத்தில் கர்ப்பிணித் தாய்மாரைப் பரிசோதிக்கும் கிளினிக் இப்போது பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையில் நடக்கிறது. மழை நாளில் வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றித்தான் பிரதான வீதிக்குக் கொண்டுவருகிறார்கள். எமது தொழிற்சங்கம் இந்த இதழில் தர வேண்டிய பதில் அந்தச் சகோதரிக்குத்தான்.

ஒவ்வொரு வருடமும் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது நாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம். மலையகத்துக்கு எவ்வளவு? ஒரு தொகையைச் சொன்னால் கைதட்டுகிறோம், சொல்லாவிட்டால் கண்டன அறிக்கை விடுகிறோம். ஆனால் அறிவித்த காசு ஒரு தோட்டத்து வைத்தியசாலையின் கூரைக்கு எந்த வழியாக வர வேண்டும், எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை நாம் போதுமான அளவு படிக்கவில்லை. அதைப் படிக்காமல் போராடினால் தவறான கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்போம்.

அரசாங்கத்தின் செலவு இரண்டு பைகளில் இருக்கிறது. சம்பளம், மருந்து, மின்சாரக் கட்டணம், எரிபொருள் போன்று வருடா வருடம் திரும்பத் திரும்ப வருவது மீண்டெழும் செலவு. கட்டடம், இயந்திரம், அம்புலன்ஸ், பெரிய திருத்த வேலை போன்று ஒருமுறை போட்டுப் பல வருடம் பயன்தருவது மூலதனச் செலவு. நமது சகோதரியின் கூரையை மாற்றும் காசு இரண்டாவது பையிலிருந்து வர வேண்டும். அந்தப் பையைத் திறக்கக் காணி யாருடைய பெயரில், கட்டடம் எந்த நிறுவனத்தின் சொத்து, மதிப்பீடு போட்டவர் யார் என்று பார்ப்பார்கள். தனக்குச் சொந்தமில்லாத கட்டடத்துக்கு ஓர் அதிகாரி பொதுப் பணத்தைச் செலவிட்டால், நாளை கணக்காய்வு அவரைத்தான் கேள்வி கேட்கும். ஆகவே அவர் கையொப்பம் இடமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது? வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பாக இருந்தது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. நாடு முழுவதும் இலவச வைத்தியசேவை வளர்ந்த காலத்திலும், 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட நமது மக்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குள்ளேயே விடப்பட்டார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையதாகவே இருக்க, கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகை வந்து சேர்ந்தது. நலன்புரி வேலைகளுக்காக நாம் ‘டிரஸ்ட்’ என்று சொல்லும் அமைப்பும் உருவானது. தொண்ணூறுகளிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று முடிவுகள் எடுக்கப்பட்டன. சில பொறுப்பேற்கப்பட்டன, பல அப்படியே நின்றன.

கைமாறும் என்று சொல்லப்பட்டு, கைமாறாமல் நிற்கும் கட்டடம்தான் இன்றைய சிக்கல். போகப் போகிற சொத்துக்குக் கம்பனி காசு போடாது. வராத சொத்துக்கு அரசாங்கம் காசு போட முடியாது. இரண்டு பக்கத்தாரும் சட்டப்படி சரியாகப் பேசுகிறார்கள். நடுவில் கூரை ஒழுகுகிறது.

கட்டடம் கைமாறிய பிறகும் காசு எந்த வாசலால் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின்னர் சுகாதாரம் இரண்டு இடங்களில் பிரிந்து இருக்கிறது. போதனா வைத்தியசாலைகள் போன்ற பெரியவை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்பப் பராமரிப்பு நிலையங்களும் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ். தோட்ட டிஸ்பென்சரி கைமாறினால் அநேகமாக மாகாணத்திடம்தான் போகும். மாகாணத்துக்கு எவ்வளவு பகிர வேண்டும் என்று சிபாரிசு செய்வது நிதி ஆணைக்குழு. ஆகவே அமைச்சரின் வாசலில் மட்டும் மனுக் கொடுத்தால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும்.

மாகாணத்தில் நமக்காகப் பேச இன்று யார் இருக்கிறார்கள்? சப்ரகமுவ மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, மத்திய மாகாணத்தினது 2018இல், ஊவாவினது 2019இல். அதன் பிறகு ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்தி வருகிறார்கள். நமது வாக்கில் வந்த ஓர் உறுப்பினர் எழுந்து, “எங்கள் டிஸ்பென்சரி ஏன் இந்த வருடப் பட்டியலில் இல்லை?” என்று கேட்கும் சபை இல்லாமல் போனது சின்ன இழப்பல்ல. மாகாண சபைத் தேர்தலை நாம் கேட்பது நாற்காலிக்காக மட்டும் அல்ல.

இன்னொரு விடயம் காலம். பாராளுமன்றம் ஒதுக்கிய தொகை வேறு, திறைசேரி கையில் கொடுக்கும் காசு வேறு. வருடத் தொடக்கத்தில் பத்து ரூபாய் ஒதுக்கியிருந்தாலும், வருமானம் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது மூலதன வேலைதான். சம்பளத்தை நிறுத்த முடியாது, மருந்தை நிறுத்தக் கூடாது, கட்டடத்தைத் தள்ளிப்போடலாம் என்பதே எந்த அரசாங்கத்தினதும் கணக்கு. மேலும் டிசம்பர் 31ஆம் திகதியுடன் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மதிப்பீடு போட்டு, டெண்டர் கூப்பிட்டு, ஒப்பந்தக்காரரைத் தெரிவுசெய்யும்போது மழைக்காலமும் வந்துவிடும், வருடமும் முடிந்துவிடும். அடுத்த வருடப் பட்டியலில் அந்த வேலை மீண்டும் சேர்க்கப்படாவிட்டால் மீதி நிற்பது அத்திவாரக் கல்லும் நாலு தூணும்தான்.

2022ஐ நாம் மறக்கவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நாடு இடைநிறுத்தியது. அதன்பின் வெளிநாட்டுக் கடனில் நடந்த பல வேலைகள் நின்றன. ஜப்பானியக் கடனில் நடந்த திட்டங்கள் மீண்டும் தொடங்க 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடன் வாங்கிக் கட்டும் வைத்தியசாலை, கடன் கொடுப்பவரின் கதவு மூடும்போது பாதியில் நிற்கும் என்பதை அந்த வருடங்கள் காட்டின.

கடன் இல்லாமல் நன்கொடையாக வந்தவையும் உண்டு. டிக்கோயாவில் இந்திய அரசின் நன்கொடையில் கட்டிய 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் திறந்து வைத்தார். அது நமது மக்களுக்குப் பெரிய உதவி, அதற்காக நாம் நன்றியுடையவர்கள். ஆனால் எந்த நன்கொடையும் கட்டடத்தோடு முடிந்துவிடும். அதன் பின்னர் தாதியருக்கான சம்பளம், விசேட வைத்தியருக்கான விடுதி, இயந்திரத்தின் பழுது பார்ப்பு எல்லாம் ஒவ்வொரு வருடமும் நம் நாட்டின் பையிலிருந்துதான் வர வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் 2016இல் இந்திய நன்கொடையோடுதான் தொடங்கியது. ஆனால் 2018இல் அதற்கென்றே சட்டம் நிறைவேற்றி ஒரு மன்றம் அமைத்தார்கள். வாகனம் வந்ததோடு நிற்காமல் அதை யார் ஓட்டுவது, யார் பராமரிப்பது என்பதற்கும் வழி செய்தார்கள். அதனால்தான் அது இன்றும் நாம் அழைத்தால் வருகிறது. தோட்ட ரோடு மட்டும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இங்கே எங்கள் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். அடிக்கல் நாட்டும் நாளில் தொழிற்சங்கத் தலைவர்களாகிய நாமும் மாலையோடு நின்றிருக்கிறோம். “எமது சங்கத்தின் முயற்சியால்” என்று பதாகை கட்டியிருக்கிறோம். ஆனால் அடுத்த வருடம் அந்தக் கல்லுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்கப் போனவர்கள் எத்தனை பேர்? எந்தக் கட்டடத் திறப்பு விழாவிலும் இனி மூன்று கேள்விகளைக் கேட்காமல் மாலை வாங்க மாட்டோம். காணி யாருடைய பெயரில் இருக்கிறது? இதற்கு எத்தனை பேருக்கு ஆளணி அனுமதி கிடைத்திருக்கிறது? அடுத்த வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு?

பொறுப்பேற்பு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படும் அங்கத்தவர்களும் இருக்கிறார்கள். “இருக்கிற டிஸ்பென்சரியையும் மூடிவிட்டு, பன்னிரண்டு மைல் தள்ளிப் போகச் சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வைத்தியசாலை கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. எங்கே ஆரம்பப் பராமரிப்பு நிலையம், எங்கே கிளினிக் மட்டும், எங்கே கட்டில்களோடு வைத்தியசாலை என்று தெரிவு செய்யத்தான் வேண்டும். அந்தத் தெரிவு பிரதான வீதிக்குள்ள தூரத்தையும், மழைக்கால ரோட்டையும், பிரசவக் கணக்கையும் பார்த்து நடக்க வேண்டும். எந்த எம்.பி.யின் தொகுதி என்று பார்த்து நடக்கக் கூடாது. புதிய இடம் திறக்கும்வரை பழைய இடம் மூடப்படக் கூடாது. கைமாறும் நாள்வரை பராமரிப்புப் பொறுப்பு கம்பனியினுடையதே. “போகப் போகிறதுதானே” என்று சொல்லிக் கம்பனிகள் கை கழுவுவதை நாம் ஏற்க மாட்டோம்.

ஆகவே தலைவர்மாருக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேலை தருகிறோம். வழக்கமாக வருட நடுப்பகுதியில் திறைசேரி அடுத்த வருடத்துக்கான மதிப்பீடுகளைக் கேட்கிறது. நவம்பரில் நாம் சத்தம் போடும்போது பட்டியல் முடிந்துவிட்டிருக்கும். அதற்கு முன்னரே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதித் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். வைத்தியசாலை அல்லது டிஸ்பென்சரி நிற்கும் காணி அளக்கப்பட்டதா, கைமாறியதற்குக் கடிதம் உண்டா? கூரை, தண்ணீர், மின்சாரம், மலசலகூடம் எந்த நிலையில் உள்ளன? வைத்திய உதவியாளர், மருத்துவிச்சி இருக்கிறார்களா, எத்தனை நாள் வருகிறார்கள்? பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்கு எத்தனை மைல், மழையில் எவ்வளவு நேரம்? கடைசி லயத்துக்கு அம்புலன்ஸ் போகுமா?

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், கூட்டி எழுத வேண்டாம். ஒரு தாள் பொய்யானால் நூறு தாளையும் தள்ளிவிடுவார்கள். அவற்றைத் திரட்டி, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் நிதி ஆணைக்குழுவுக்கும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரே நாளில் கையளிப்போம். மற்றத் தொழிற்சங்கங்களையும் அழைப்போம். ஒழுகும் கூரைக்குக் கீழே நிற்கும்போது யாருடைய சந்தாப் புத்தகம் எந்த நிறம் என்று மழை பார்ப்பதில்லை.

சகோதரி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அந்தக் கூரை இன்று எந்தப் புத்தகத்திலும் ஒழுங்காக எழுதப்படாமல் கிடக்கிறது. அதை அரசாங்கத்தின் சொத்துப் பதிவில் ஏற்றி, மாகாணத்தின் பட்டியலில் சேர்த்து, வருடா வருடம் அதற்கு ஒரு வரி விழும்படி செய்வது நமது வேலை. அடுத்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் அவருடைய தோட்டத்தின் தாள்தான் முதலில் வாசிக்கப்படும்.