ஆர்செப்பிலிருந்து விலகி 6 ஆண்டுகள்: தம்பானூர் உணவகத்தின் எண்ணெய் விலையைத் தீர்மானிப்பது யார்?

திருவனந்தபுரம்: ஆசிய-பசிபிக் பிராந்தியத்தின் மிகப்பெரிய வர்த்தகக் கூட்டமைப்பான ஆர்செப்பில் சேரப்போவதில்லை என்று இந்தியா அறிவித்து, 2025 நவம்பர் 4-ஆம் தேதியுடன் 6 ஆண்டுகள் நிறைவடைந்தன. வெளிநாட்டு விளைபொருட்களின் வெள்ளத்திலிருந்து இந்திய விவசாயியைக் காக்கும் முடிவு என்று அது அப்போது வரவேற்கப்பட்டது. மிகுந்த வரவேற்பு அளித்த மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. அதே கேரளம்தான் 2025 தொடக்கம் முதல் நாட்டிலேயே அதிக சில்லறைப் பணவீக்கம் பதிவான மாநிலமாக இருந்து வந்தது.

2025 அக்டோபர் மாதத்தில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகக் குறைந்தது. கேரளத்தில் அது 8.56 சதவீதம். அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 1.29 சதவீதம் மட்டுமே. ஒரே வர்த்தகக் கொள்கையின் கீழ் உள்ள இரு மாநிலங்களுக்கு இடையே ஏன் இவ்வளவு வேறுபாடு? கூட்டமைப்பிலிருந்து விலகியதற்கும் உணவுப் பொருட்களின் விலைக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

தம்பானூரில் தெரியும் கணக்கு

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையமும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்திய பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள பகுதி தம்பானூர். வந்திறங்கும் பயணிகளை நம்பி நடக்கும் உணவகங்களும் தேநீர்க் கடைகளும் இங்கு ஏராளம். இவற்றுக்கான சரக்கு பெரும்பாலும் அருகிலுள்ள சாலை பஜாரிலிருந்து வருகிறது.

இந்தக் கடைகளின் செலவுக் கணக்கை மூன்றாகப் பிரிக்கலாம். காய்கறியும் அரிசியும் முதல் வகை. காய்கறியில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தும், அரிசியில் கணிசமான பகுதி ஆந்திரத்திலிருந்தும் வருகின்றன. இவற்றின் விலையை மழையும் டீசல் செலவும் தீர்மானிக்கின்றன. சுங்க வரிக்கு இங்கு நேரடி வேலை இல்லை. இரண்டாவது வகை, பருப்புவடையும் பழம்பொரியும் பொரிக்கப்படும் பாமாயில், சூரியகாந்தி எண்ணெய் மற்றும் துவரம்பருப்பு, உளுந்து போன்றவை. இவற்றின் விலை இறக்குமதி வரியோடு நேரடியாகப் பிணைந்தது. மூன்றாவது வகை தேங்காய் எண்ணெய். உயர்ந்த வரியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் சூழ்ந்திருப்பதால், வெளிநாட்டுச் சரக்கு ஏறக்குறைய நுழையவே முடியாத பொருள் இது.

கேரளத்தின் பணவீக்கத்தை மேலே தள்ளியதில் இந்த மூன்றாவது வகைக்கே முக்கியப் பங்கு உண்டு. தங்கத்தின் விலை உயர்வும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

பாங்காக்கில் நடந்தது என்ன?

ஆர்செப் எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மைக்கான பேச்சு 2012-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. ஆசியான் அமைப்பின் 10 நாடுகளுடன் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகியவை அதில் பங்கேற்றன. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் நடைபெற்ற உச்சி மாநாட்டில், காந்தியடிகளின் அறிவுரையும் தமது மனசாட்சியும் இதில் சேர அனுமதிக்கவில்லை என்று கூறி பிரதமர் நரேந்திர மோடி விலகலை அறிவித்தார். எஞ்சிய 15 நாடுகள் 2020 நவம்பர் 15-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆக, இந்தியா விலகியது ஒப்பந்தத்திலிருந்து அல்ல. கையெழுத்திடும் கட்டத்தை நெருங்கிய பேச்சிலிருந்து. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில், அந்த 15 நாடுகளில் 13 நாடுகளுடன் இந்தியாவுக்கு ஏற்கெனவே தனித்தனியாகவோ கூட்டாகவோ வர்த்தக ஒப்பந்தங்கள் உள்ளன. ஆசியான், தென்கொரியா ஆகியவற்றுடனான ஒப்பந்தங்கள் 2010-இலும், ஜப்பானுடனான ஒப்பந்தம் 2011-இலும், ஆஸ்திரேலியாவுடனானது 2022 டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. 2025 நவம்பர் நிலவரப்படி ஒப்பந்தம் நடைமுறையில் இல்லாத நாடுகள் சீனாவும் நியூசிலாந்தும் மட்டுமே. நியூசிலாந்துடனும் 2025 மார்ச் மாதம் பேச்சு தொடங்கப்பட்டது.

விலகலால் உணவுத் துறையில் நேரடியாகத் தடுக்கப்பட்டது நியூசிலாந்தின் பால் பொருட்கள்தான். உற்பத்தியாகும் பாலில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்யும் அந்நாட்டிலிருந்து வரியின்றிப் பால்பவுடர் வந்தால், ஓரிரு மாடுகளை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிகள் தாக்குப்பிடிக்க முடியாது என்பதே கூட்டுறவு அமைப்புகளின் அச்சமாக இருந்தது.

பழைய ஒப்பந்தத்தின் நிழல்

கேரளத்தின் கோபத்துக்கு ஆர்செப்பைவிடப் பழைய வரலாறு உண்டு. ஆசியான் நாடுகளுடனான சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-இல் கையெழுத்தானது. அதை எதிர்த்து அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி இடது ஜனநாயக முன்னணி மாநிலம் முழுவதும் மனிதச் சங்கிலிப் போராட்டம் நடத்தியது. மிளகு, காபி, தேயிலை, பாமாயில் ஆகியவை அந்த ஒப்பந்தத்தில் சிறப்புப் பொருட்களாக வைக்கப்பட்டு, வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அந்தப் பட்டியலின்படி இறுதி வரி மிளகுக்கு 50 சதவீதம், காபிக்கும் தேயிலைக்கும் 45 சதவீதம், கச்சா பாமாயிலுக்கு 37.5 சதவீதம்.

ஆர்செப்பில் சேர மறுத்து இரண்டே மாதங்களில், அதாவது 2020 ஜனவரி 1 அன்று, ஆசியான் நாடுகளிலிருந்து வரும் கச்சா பாமாயில் மீதான வரி 40 சதவீதத்திலிருந்து 37.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புதிய கதவை மூடிய பின்னரும் பழைய கதவு அட்டவணைப்படி திறந்துகொண்டுதான் இருந்தது. இந்தியாவுக்குப் பாமாயில் அனுப்பும் முதன்மை நாடுகளான இந்தோனேசியாவும் மலேசியாவும் ஆசியான் உறுப்பினர்கள் என்பதால், பாமாயிலைப் பொறுத்தவரை ஆர்செப் விலகல் எதையும் மாற்றவில்லை.

ஓராண்டுக்குள் இருமுறை மாறிய வரி

சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இந்தியா இறக்குமதியை நம்பியுள்ளது. ஆண்டுக்குச் சுமார் 1.6 கோடி டன் எண்ணெய் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. எனவே, வரியில் செய்யப்படும் சிறு மாற்றமும் சமையலறை வரை எட்டுகிறது.

விலை ஏறியபோது, 2021 அக்டோபரில், கச்சா எண்ணெய் வகைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி முற்றிலும் நீக்கப்பட்டது. சோயா விவசாயிகள் உரிய விலை கிடைக்காமல் தவித்த நிலையில், 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீது 20 சதவீத அடிப்படை வரி விதிக்கப்பட்டது. கூடுதல் வரிகளையும் சேர்த்தால் மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. விலை மீண்டும் ஏறியதும், 2025 மே மாத இறுதியில் அது 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

100 ரூபாய் மதிப்புள்ள கச்சா பாமாயில் துறைமுகத்துக்கு வந்தால், 2024 ஆகஸ்டில் அதன் மீதான வரி 5 ரூபாய் 50 காசு. அடுத்த மாதமே 27 ரூபாய் 50 காசு. 2025 மே மாத இறுதிக் குறைப்புக்குப் பின் 16 ரூபாய் 50 காசு. இந்த ஏற்ற இறக்கத்தை எந்தக் கூட்டமைப்பும் இந்தியா மீது திணிக்கவில்லை. ஆசியான் ஒப்பந்தம் அனுமதிக்கும் உச்சவரம்புக்குக் கீழே, மத்திய அரசே தன் விருப்பப்படி எடுத்த முடிவுகள் இவை.

பருப்பிலும் இதே நிலைதான். துவரம்பருப்பு, உளுந்து இறக்குமதிக்கு 2026 மார்ச் 31 வரை வரி இல்லை என்று 2025-இல் அறிவிக்கப்பட்டிருந்தது. மஞ்சள் பட்டாணிக்கு இருந்த வரிவிலக்கு நீக்கப்பட்டு, 2025 நவம்பர் 1-ஆம் தேதி முதல் 30 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. முன்னது நுகர்வோருக்காக, பின்னது விவசாயிக்காக.

தேங்காய் சொல்லும் மறுபக்கம்

வரிச் சுவர் உயர்ந்திருந்தால் விலை நிலையாக இருக்கும் என்ற வாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் எதிர்ச்சான்றாக நிற்கிறது. 2024-ஆம் ஆண்டு நிலவிய கடும் வெப்பமும், தென்னையைத் தாக்கிய வெள்ளை ஈ, வேர்வாடல் போன்ற நோய்களும் கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் விளைச்சலைக் குறைத்தன. இளநீருக்கான தேவை பெருகியதால் கொப்பரைக்குச் செல்லும் காய்கள் மேலும் குறைந்தன. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கேரளத்தில் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 400 ரூபாயைத் தாண்டியது. ஓணம் பண்டிகைக்கு முன்பாக, சப்ளைகோ விற்பனை நிலையங்கள் வழியாக மானிய விலையில் எண்ணெய் வழங்கி மாநில அரசு தலையிட வேண்டியதாயிற்று.

கொப்பரை இறக்குமதியை அனுமதிக்க வேண்டும் என்று எண்ணெய் ஆலைத் தரப்பினர் கோரினர். ஆனால், உலகச் சந்தையிலும் அப்போது தேங்காய் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தது. இறக்குமதி நடந்திருந்தாலும் பெரிய நிவாரணம் கிடைத்திருக்காது என்பது ஒரு வாதம். மற்றொரு வாதம் விவசாயியின் பக்கத்திலிருந்து வருகிறது. 2025-ஆம் ஆண்டுக்கு அரவைக் கொப்பரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், அதாவது கிலோவுக்கு 116 ரூபாய்க்கும் குறைவு. பல ஆண்டுகள் இந்த விலையையே எதிர்பார்த்துக் காத்திருந்த விவசாயிக்கு, சந்தை விலை அதைவிட வெகுவாக உயர்ந்திருக்கும் வேளையில் இறக்குமதியைத் திறந்துவிடுவது நியாயமா என்பதே அக்கேள்வி.

கேரளத்தின் சிக்கல் இதில்தான் அடங்கியுள்ளது. தென்னையும் மிளகும் வளர்க்கும் மாநிலமாக அது உயர்ந்த வரியைக் கேட்கிறது. அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றை வெளியிலிருந்து வாங்கும் மாநிலமாகக் குறைந்த விலையைக் கேட்கிறது. பல நேரங்களில் இந்த இரண்டு குரல்களும் ஒரே வீட்டிலிருந்தே எழுகின்றன.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. அங்கு நியாயவிலைக் கடைகளில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கப்படுகின்றன. வரி மாற்றத்தின் தாக்கத்தில் ஒரு பகுதியை மாநிலக் கருவூலம் ஏற்றுக்கொள்கிறது. கேரளத்திலோ, சப்ளைகோவின் 13 மானியப் பொருட்களின் விலையே நிதி நெருக்கடி காரணமாக 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. எனினும், தேங்காய் எண்ணெயைத் தமிழ்நாட்டைவிட அதிகம் பயன்படுத்தும் உணவுப் பழக்கமே இரு மாநிலங்களின் பணவீக்க வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் என்பதையும் மறந்துவிட முடியாது.

பிற நாடுகள் தரும் பாடம்

நடைமுறையில் இருந்த கூட்டமைப்பை விட்டே வெளியேறிய நாடு பிரிட்டன். ஐரோப்பிய ஒன்றியத்துடன் வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும், எல்லைச் சோதனைகளும் சான்றிதழ் நடைமுறைகளும் அங்கு உணவுப் பொருட்களின் விலையை உயர்த்தின. 2021 இறுதி வரையிலான இரண்டு ஆண்டுகளில் குடும்பம் ஒன்றின் உணவுச் செலவு சராசரியாக 210 பவுண்டு கூடியதாக லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வு மதிப்பிட்டது. வரி மட்டுமே தடை அல்ல என்பதை அது உணர்த்தியது.

அமெரிக்காவோ உலக நாடுகள் மீது வரி விதித்த சில மாதங்களிலேயே, மளிகைப் பொருட்களின் விலை குறித்த அதிருப்தியைச் சந்தித்தது. 2025 நவம்பர் 14-ஆம் தேதி காபி, தேயிலை, வாழைப்பழம், நறுமணப் பொருட்கள் உள்ளிட்டவற்றுக்குப் பரஸ்பர வரியிலிருந்து அந்நாடு விலக்கு அளித்தது. தன் நாட்டில் விளையாத பொருளுக்கு வரி விதித்தால் அதைச் செலுத்துபவர் சொந்த நாட்டு நுகர்வோரே என்ற பழைய பாடம் மீண்டும் உறுதியானது.

அடுத்து என்ன?

ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யும் பேச்சு தற்போது நடந்து வருகிறது. கேரளத்துக்கு ஆர்செப்பைவிட முக்கியமான மேசை இதுதான். மிளகு, காபி, தேயிலை, பாமாயில் ஆகியவற்றின் மீதான வரி உச்சவரம்பும், பிற நாட்டுச் சரக்கு ஆசியான் வழியாக நுழைவதைத் தடுக்கும் விதிகளும் இங்கேயே முடிவாகும்.

கூட்டமைப்பிலிருந்து விலகி நின்றதால் வரியைக் கூட்டவும் குறைக்கவும் இந்தியாவுக்குச் சுதந்திரம் எஞ்சியுள்ளது. அந்தச் சுதந்திரம் முன்னறிவிப்பின்றி அடிக்கடி பயன்படுத்தப்படும்போது, விதைக்கும் விவசாயியாலும் கொள்முதல் செய்யும் வணிகராலும் திட்டமிட முடிவதில்லை. அறுவடைக் காலத்துக்கு முன்பே வரி விகிதத்தை அறிவிப்பது, விலை எந்த அளவைத் தாண்டினால் வரி குறையும் என்பதை வெளிப்படையாக வரையறுப்பது, விலை உயர்வின் சுமையை ஏழைக் குடும்பங்கள் மீது விடாமல் பொது விநியோகத் திட்டத்தின் வழியே பகிர்ந்துகொள்வது ஆகிய மூன்றுக்கும் எந்த நாட்டின் ஒப்புதலும் தேவையில்லை. தம்பானூரில் ஒரு வடையின் விலை நாளை என்னவாகும் என்பது பாங்காக் முடிவைவிட, புதுடெல்லியும் திருவனந்தபுரமும் இனி எடுக்கும் இத்தகைய முடிவுகளையே அதிகம் சார்ந்திருக்கிறது.