ஆர்கன் ஊமை ஆகக் கூடாது

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குகிறார்கள் பலர். அந்த நிலையத்துக்கு அருகே ஒரு வெள்ளைக் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. அதுதான் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1821-ம் ஆண்டில் திறக்கப்பட்டது.

அதற்குள் ஓர் அதிசய வாத்தியம் இருக்கிறது. அதன் பெயர் குழாய் ஆர்கன். சீமையில் செய்யப்பட்டு, 1883-ம் ஆண்டில் இங்கே அமைக்கப்பட்டது.

புல்லாங்குழலை மனிதன் வாயால் ஊதுகிறான். ஆர்கனுக்குப் பெரிய துருத்தி காற்றுக் கொடுக்கிறது. புல்லாங்குழலில் ஒரே குழலில் பல சுரங்கள் பிறக்கும். ஆர்கனில் ஒரு குழாய்க்கு ஒரு சுரம்தான். ஆகவே நூற்றுக்கணக்கான குழாய்கள் தேவை. நீளமான குழாய் இடிபோல் முழங்கும். விரல் அளவுக் குழாய் குருவிபோல் கீச்சிடும்.

இந்த வாத்தியத்துக்கு எதிரிகள் பலர். தூசி அடைக்கும். கரையான் அரிக்கும். ஈரக் காற்றில் மரம் உப்பும். துருத்தியின் தோல் வெடிக்கும்.

இவற்றைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. பழுது பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்காததுதான் அது. ஆள் இல்லை என்றால், பழைய ஆர்கனை மூடிவிட்டு மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கி வைக்கத் தோன்றும். பிறகு ஆர்கன் வெறும் அலங்காரப் பொருள்தான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பீன்யாஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள தேவாலயத்தில் 1824-ல் ஓர் ஆர்கன் செய்து முடித்தார்கள். அதன் 1,031 குழாய்களில் 902 குழாய்கள் மூங்கில்! நாளடைவில் அது பழுதடைந்தது. 1973-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். 1975-ல் அது புதுக்குரலோடு ஊர் திரும்பியது.

அந்த ஊர் அதோடு நின்றுவிடவில்லை. அங்குள்ள இளைஞர்கள் வெளிநாடு சென்று அந்தத் தொழிலைக் கற்று வந்தார்கள். சொந்த ஊரிலேயே ஆர்கன் பட்டறை வைத்தார்கள்.

நம் நாட்டில் கைத்திறனுக்குப் பஞ்சமா? தஞ்சாவூரில் வீணை செய்கிறார்கள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறார்கள். மரத்தையும் காற்றையும் பாட வைக்கத் தெரிந்த நாட்டில் ஆர்கன் வேலை மட்டும் வராமல் போகுமா?

தேவாலயங்களும் இசைக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஒன்றுகூட வேண்டும். நாலு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து இந்தத் தொழிலைக் கற்றுவர அனுப்ப வேண்டும். செலவு ஆகத்தான் செய்யும். ஆனால், அவர்கள் திரும்பி வந்து இன்னும் நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

வாத்தியம் கப்பலில் வந்தது. அதைக் காக்கும் கைகள் நம் ஊரிலேயே உருவாகட்டும்.