தேய்வதும் வடிவதும்

'பெருகுதல்' என்ற சொல்லுக்கு எதிர்ப்பதம் யாது? காவிரிக் கரைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் பரீட்சைத் தாளில் 'வடிதல்' என்று எழுதியிருந்தான். திருத்தியவர் அதைச் சிவப்பு மசியால் அடித்து, 'குறைதல்' என்று மேலே எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். விடைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்! ஆடி 18-ல் படித்துறையின் மேற்படி வரை ஏறி நின்ற வெள்ளம், பின்னர் படிப்படியாக இறங்குவதைக் கண்டு வளர்ந்த பிள்ளை வேறு எந்தச் சொல்லை எழுதுவான்?

'குறைதல்' பிழை என்று நான் கூறவில்லை. அது எவ்விடத்திலும் நுழைந்துகொள்ளும் சொல். ஆதலால் எவ்விடத்தையும் காட்டாது. சந்திரன் வளர்கிறான், பிறகு தேய்கிறான். கிணறு ஊறுகிறது, கோடையில் வற்றுகிறது. தாமரை மலர்கிறது; பொழுது சாய்ந்ததும் கூம்புகிறது. பொங்கிய பால், நீர் தெளித்தவுடன் அடங்குகிறது. மூண்ட கோபம் தணிகிறது. காய்ச்சிய இரும்பு விரிந்து, ஆறியபின் சுருங்குகிறது. அந்தச் 'சுருங்குத'லை நிலவுக்குச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக் குழந்தைகளே நகைப்பார்கள். குழந்தை என்றதும் நினைவு வருகிறது: குழந்தை வளர்வதற்கு எதிர்ப்பதமே கிடையாது. பிள்ளை நோயினால் இளைக்கலாம், மெலியலாம். வளர்ந்த பிள்ளை மறுபடியும் தொட்டிலுக்குத் திரும்புவதில்லையே!

பவணந்தி முனிவர் நன்னூலில் செய்யுள் விகாரங்களைக் கூறும்போது, வலித்தலுக்கு மெலித்தலையும், நீட்டலுக்குக் குறுக்கலையும், விரித்தலுக்குத் தொகுத்தலையும் இணையாக வைக்கிறார். விரித்தலுக்குச் 'சுருக்கல்' என்று அவர் சொல்லவில்லை. விரித்தலில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. தொகுத்தலில் இருந்த எழுத்து மறைகிறது. அளவு குறைவது வேறு, மறைவது வேறு அல்லவா?

நம் இல்லங்களில் இதைவிட வியப்பான வழக்கு ஒன்றுண்டு. தாலிச் சரடு அறுந்தால், 'அறுந்தது' என்று பெரியோர் வாயால் சொல்லார், 'பெருகிற்று' என்பர். பூஜை விளக்கு அணைந்தால் 'மலையேறிற்று' என்பர். அமங்கலத்தைச் சொல்லக் கூசி, அதன் எதிர்ப்பதத்தையே எடுத்து வைத்தார்கள். இலக்கணம் இதற்கு மங்கலம் என்று பெயரிட்டிருக்கிறது. இதை எந்த விடைப் புத்தகத்தில் சேர்ப்பது?

பெருக்கமெல்லாம் நன்மை என்பதுமில்லை. பொருளாதார நூல்களில் 'பணவீக்கம்' என்கிறார்கள். பொருத்தமான சொல், வீக்கம் உடம்பைப் பெரிதாக்கினாலும் அதை வளர்ச்சி என்று எவரும் மகிழ்வதில்லை. இதன் எதிர்ப்பதமாக அந்நூல்களில் 'பணவாட்டம்' வழங்குகிறது. வீக்கத்திற்கு எதிர் வடிதல். வாட்டமோ நீரற்ற பயிருக்கு உரியது. பெயரிட்டவர் ஒரு பக்கம் நோயாளியையும், மறுபக்கம் காய்ந்த வயலையும் எண்ணினார் போலும். அது சரியே. வீக்கம் வடிந்தால் உடம்புக்குச் சுகம்; விலைகள் ஓயாது சரிந்தாலோ வாணிபமும் வேலையும் வாடிப் போகின்றன.