அளவு மட்டும் தெரிந்தால் போதுமா?

தோட்டப்புற மாணவர்களிடம் செமிகண்டக்டர் துறையைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். “ஆப்பரேட்டர் வேலைதானே?” என்பது ஒன்று. “அதற்கு எலெக்ட்ரிக்கல் படிக்க வேண்டுமே!” என்பது மற்றொன்று. வேதியியலை யாரும் நினைப்பதில்லை. ஆனால், சிலிக்கான் தகட்டைச் சிப்பாக மாற்றுவதில் அந்தப் பாடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. படிவம் 4-இல் ‘கஷ்டம்’ என்று நம்மில் பலர் ஒதுக்குவதும் அதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. சிலிக்கான் பெரும்பாலான அமிலங்களுக்கு மசியாது. சூடான காரக் கரைசலில் கரையும். 80 பாகை செல்சியஸில், 30 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் அதை நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் அரிக்கிறது. அதே சிலிக்கானை வேறொரு படிகத் தளத்தில் வெட்டி, அதே கரைசலில் இட்டால் வேகம் நூறு மடங்குக்கு மேல் குறைகிறது. ஏன்?

விடை மேற்பரப்பில் இருக்கிறது. 100 எனப்படும் தளத்தில் ஒவ்வோர் அணுவும் கீழே உள்ள இரண்டு அணுக்களைப் பிடித்திருக்கிறது. 111 தளத்தில் மூன்றை. ஹைட்ராக்சைடு வெளிப்பக்கம் ஒட்டியதும் அதன் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை இழுக்க, கீழ்ப் பிணைப்புகள் தளர்கின்றன. நீர் அவற்றை உடைக்கிறது. அணு சிலிக்கேட்டாகக் கரைகிறது, ஹைட்ரஜன் குமிழாக வெளியேறுகிறது. இரண்டு கையால் பிடித்திருப்பவரை விட மூன்று கையால் பிடித்திருப்பவரை இழுப்பது கடினம் அல்லவா? வேக வேறுபாட்டுக்கு இது முக்கியக் காரணம்.

ஒற்றைப் படிகச் சூரியத் தகடுகளின் மேற்பரப்பில் நுண்ணிய பிரமிடுகளை உருவாக்குவதும் இந்த வேறுபாடே. 30 விழுக்காட்டுக்கு மேல் இருந்த ஒளிப் பிரதிபலிப்பு, பிரமிடுகளால் சுமார் 10 விழுக்காடாகக் குறைகிறது.

மேற்பரப்பு வேதியியல் நமக்குப் புதிதன்று. லாபுவிலும் ரந்தாவிலும் பஹாவிலும் நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய ரப்பர் பாலில் அம்மோனியா சேர்த்தால் உறையாது. பார்மிக் அமிலம் சேர்த்தால் உறையும். ரப்பர் துகள்களின் மேற்பரப்பிலுள்ள எதிர் மின்னூட்டம் அவற்றை விலக்கி வைக்கிறது. காரம் அதைக் காக்கிறது; அமிலம் போக்குகிறது. நம்மவர்களுக்கு அளவு தெரிந்திருந்தது. காரணம் வேறு யாரிடமோ இருந்தது. சம்பளமும் பதவியும் காரணம் தெரிந்தவர்களுக்கே போயின.

இன்று அந்தத் தோட்டங்களுக்கு அருகில், சிரம்பானில், ஆன்செமி நிறுவனம் இயங்குகிறது. 2024 மே மாதம் அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. ஆப்பரேட்டர் வேலை இழிவானதல்ல. ஆனால், அரிப்பு வேகம் திடீரெனக் குறைந்தால், கரைசலில் சிலிக்கேட் சேர்ந்துவிட்டதா, குமிழ்கள் தகட்டில் ஒட்டிக்கொண்டனவா என்று கேட்கத் தெரிந்தவருக்கே அடுத்த படி திறக்கும்.

மொழி தடை என்பார்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் படித்தவள் நான். அந்தத் தடுமாற்றம் எனக்கும் தெரியும். கலைச்சொல் மாறலாம். இரண்டு பிணைப்பா, மூன்று பிணைப்பா என்ற கணக்கு எந்த மொழியிலும் மாறாது. முதலில் காரணத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு மலாய்ச் சொல்லை மனத்தில் இருத்தலாம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் அண்ணன் அக்காமார், வார இறுதியில் ஒரு மணி நேரம் தங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய முடியும்.

படிவம் 4-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தம்பி தங்கைகளே, வேதியியலை எளிதில் விட்டுவிடாதீர்கள். அளவைப் பிறர் சொல்ல நாம் ஊற்றிய காலம் போதும்.